கம்ப்யூட்டருக்கும் பத்தியம் உண்டு!

கஷாயம், சூரணம், எண்ணெய்க் குளியல் என்று எழுதுகிற வைத்தியர் இன்றைக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். காரணம் இருக்கிறது. தூக்கமில்லை, படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்று ஒருவர் என்னிடம் வந்தார். நாடியைப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்ததில், நோயின் மூலம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது தெரிந்தது!

அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மனைவிக்குச் சில வருடங்களுக்கு முன் பெரிய ஆபரேஷன். அன்று முதல் ஒவ்வொரு ஸ்கேன், ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை முடிவையும் தேதிவாரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். மகள் கல்யாணப் படங்கள், பேரன் தவழ்ந்த வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் நகல்... எல்லாமே அதில்தான். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாமல் நாலு எழுத்து ஒட்டியிருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு சீட்டு. ஃபைல்களைப் பூட்டிவிட்டார்களாம், சாவிக்கு 980 டாலராம், மூன்று நாளைக்குள் தந்தால் பாதி விலையாம். ஆடித் தள்ளுபடி மாதிரி!

"பணம் போனாக்கூடப் பரவாயில்லை டாக்டர். அவளோட ரிப்போர்ட் எல்லாம் போயிடுச்சே... அடுத்த மாசம் செக்கப்புக்கு எதை எடுத்துட்டுப் போவேன்?" என்றார். தூக்கத்துக்கு நான் கொடுத்த அமுக்கரா சூரணம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. பிறகு ஆஸ்பத்திரியிலும் லேபிலும் கேட்டு, ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவற்றை மறுபடி வாங்கிவிட்டார்கள். படங்களில், சொந்தக்காரர்களின் வாட்ஸ்ஆப்பில் கிடந்த சில மட்டுமே மிஞ்சின.

இந்த நோய்க்கு ரான்சம்வேர் என்று பெயர். ரான்சம் என்றால், ஆளைக் கடத்திக்கொண்டு போனவன் கேட்கிற பிணைத்தொகை. இதில் ஃபைல்கள் எங்கும் போவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரிலேயே, யாரும் படிக்க முடியாத ரகசிய எழுத்தாக மாறிக் கிடக்கும். பழையபடி மாற்றுகிற சாவி அவனிடம். பூட்டு சரியாகப் போடப்பட்டிருந்தால், சாவி இல்லாமல் எந்த நிபுணராலும் திறக்க முடியாது.

இன்னொரு சங்கதி கேளுங்கள். இதன் முதல் அவதாரமே மருத்துவ வேஷத்தில்தான் வந்தது! 1989 டிசம்பரில், எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று எழுதிய ஃப்ளாப்பிகள் சுமார் 20,000 பேருக்குத் தபாலில் போயின. உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்களும் அதில் உண்டு. கம்ப்யூட்டரை 90 தடவை ஆன் செய்யும்வரை அது சாதுவாக இருந்தது. அதன்பிறகு ஃபைல்களின் பெயர்களையெல்லாம் குழப்பிவிட்டு, பனாமா நாட்டுத் தபால் பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்பு என்றது. கைதானவர் ஜோசப் பாப் என்கிற உயிரியல் ஆராய்ச்சியாளர். மனநிலை சரியில்லை என்று அவர்மீது விசாரணையே நடக்கவில்லை. அந்தப் பூட்டைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள். இன்றைய பூட்டு அப்படி இல்லை. பணத்தையும் பிட்காயினில் கேட்கிறார்கள், ஆள் அகப்படுவது அபூர்வம்.

சரி, ஆசிரியர் வீட்டுக்குள் இது எப்படி நுழைந்தது? அவருடைய தம்பி மகன், காசு கொடுத்து வாங்க வேண்டிய போட்டோ மென்பொருள் ஒன்றை 'கிராக்' என்று சொல்லி இலவசமாக இறக்கிக் கொடுத்திருக்கிறான். "ஆன்டிவைரஸ் தடுக்கும், அதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிடுங்க பெரியப்பா" என்றும் சொல்லியிருக்கிறான். காவல்காரனை நாமே வெளியே அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்த கதை! 'ஸ்டாப்' என்று நிபுணர்கள் பெயரிட்டிருக்கும் இந்த வகை ரான்சம்வேர் பெரும்பாலும் வீட்டுக் கம்ப்யூட்டர்களைத்தான் பிடிக்கிறது. முக்கியமாகப் பரவுவதும் இந்தத் திருட்டு மென்பொருள் வழியாகத்தான்.

என்னைக் கேட்டால், நம் நடுத்தர வர்க்கத்து வீடுகளின் பெரிய அபத்தியம் இதுதான். குடும்பத்தோடு ஒரு ராத்திரி ஓட்டலில் சாப்பிட ரெண்டாயிரம் ரூபாய் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம். மென்பொருளுக்குக் காசு என்றால் மட்டும் மனசு வருவதில்லை. கடையில் கம்ப்யூட்டர் வாங்கும்போதே "எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தர்றேன் சார்" என்றால் சந்தோஷப்படுகிறோம். காசு கொடுக்க இஷ்டமில்லையா? கடிதம் எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. படம் திருத்த ஜிம்ப் இருக்கிறது. இரண்டும் நேர்மையாகவே இலவசம்.

மற்ற வழிகளும் உண்டு. கூரியர் வந்திருக்கிறது, கரன்ட் பில் பாக்கி என்று மெயிலில் வரும் இணைப்பு. பெயரைப் பார்த்தால் பி.டி.எஃப். போலத் தெரியும், உண்மையில் அது ஓடத் தயாராக இருக்கும் புரோகிராம். எதிர்பாராமல் வந்த இணைப்பைத் திறக்குமுன், அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள். புதிதாக எதையாவது நிறுவ வேண்டுமென்றால் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும்படி அது இருக்கட்டும்.

'அப்டேட்' என்று வந்தால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிறீர்கள் அல்லவா? 2017 மே 12-ல் 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட் ரத்தானது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது! வாங்கிப் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வந்துவிட்டால்? முதலில் இன்டர்நெட் தொடர்பைத் துண்டியுங்கள். செருகியிருக்கும் பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எதுவானாலும் பிடுங்குங்கள். கண்ணெதிரே இன்னும் ஃபைல்கள் மாறிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். அந்த மிரட்டல் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு கருவியிலிருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை உடனே மாற்றுங்கள், ஏனென்றால் இதோடு பாஸ்வேர்டு திருடுகிற சரக்கும் சேர்ந்து வருவதுண்டு. 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, கடத்தல்காரன் ரசீதா தரப்போகிறான்? பூட்டப்பட்ட ஃபைல்களை அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம், ஒரு டிஸ்கில் எடுத்து ஓரமாக வையுங்கள். 2016-ல் 'டெஸ்லாகிரிப்ட்' என்ற ரான்சம்வேரை நடத்தியவர்களே மூலச் சாவியை வெளியிட்டார்கள், காத்திருந்தவர்களுக்கு ஃபைல் கிடைத்தது. அதே வருடம் நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளத்தைத் தொடங்கின. திறக்கக்கூடிய பூட்டுகளுக்கு அங்கே இலவசமாகச் சாவி கிடைக்கும்.

இங்கே போலி வைத்தியர்களும் உண்டு! லாட்ஜில் ரூம் எடுத்துக்கொண்டு 'தீராத நோயும் தீரும்' என்று விளம்பரம் செய்கிறவர்களால் எங்கள் சித்த மருத்துவத்துக்கு எவ்வளவு கெட்ட பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். அதே ஜாதிதான் இதுவும். 2020-ல், 'ஸ்டாப்' பூட்டைத் திறக்கும் மென்பொருள் என்று ஒன்று உலவியது. நம்பி ஓட்டியவர்களின் ஃபைல்களை அது இரண்டாவது முறையாகப் பூட்டியது. 'நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்' என்கிற யாரையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஆக, நம்பக்கூடிய மருந்து ஒன்றுதான்: நகல். இது நமக்குப் புதிதா என்ன? தேரையர் நூல்கள் எப்படி நம் கைக்கு வந்தன? ஓலைச்சுவடியைக் கரையான் தின்னும், பூச்சி துளைக்கும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை புது ஓலையில் பிரதி எடுத்தார்கள். ஒரு வீட்டில் அழிந்தது இன்னொரு ஊரில், இன்னொரு பரணில் இருந்தது. பிரதி எடுக்காத நூல் போயே போய்விட்டது. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை இந்த நோய் தாக்கியது. சுமார் இரண்டு வாரம் சீட்டு எழுதுவது முதல் எல்லாமே கையால்தான் நடந்தது. நோயாளிகளின் பதிவுகளைக் காப்பாற்றியது, தாக்குதலில் சிக்காத வேறொரு சர்வரில் இருந்த நகல்தான். இதை அரசே பாராளுமன்றத்தில் சொன்னது.

வீட்டுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். சுமாரான பட்டுப்புடவை விலைகூட ஆகாது. ஆனால் நகல் எடுத்த கையோடு அதைக் கழற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டரோடு ஒட்டியே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்படும். 'நான் கூகுள் டிரைவில் வைத்திருக்கிறேனே' என்பவர்கள் கவனியுங்கள்: கம்ப்யூட்டரில் கெட்டுப்போன ஃபைல் தானாகவே அங்கேயும் ஏறிவிடலாம். பழைய பிரதியை மீட்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு.

இரண்டு டிஸ்க் வைத்து, ஒன்றைக் கூடப்பிறந்தவர் வீட்டில் கொடுத்து வைத்தால் இன்னும் விசேஷம். நாள் மறந்துபோகிறதா? அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகல் எடுத்ததும் அதிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். குடிநீருக்கு ஒரு சாமம், சூரணத்துக்கு மூன்று மாதம் என்று ஆயுள் சொல்கிறோம் அல்லவா? டிஸ்க்கும் சாசுவதமில்லை. வாங்கிய தேதியை அதன்மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நாலைந்து வருடத்தில் புதிதுக்கு மாற்றிவிட்டு, பழையதை பீரோவில் பத்திரத்தோடு போட்டு வையுங்கள்.