499 ரூபாய் இன்டர்நெட்!

கிரகப்பிரவேசம் முடிந்த மூன்றாம் நாள். பால்காரர், தண்ணீர் கேன், கேஸ் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. பாக்கி இருந்தது இன்டர்நெட்டும், அப்பாவுக்கு ஒரு லேண்ட்லைனும்தான். எண்பதைத் தாண்டிய அப்பாவுக்கு செல்போன் ஒத்துவரவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துப் பேசினால்தான் அவருக்குப் பேசின மாதிரி.

தெருமுனை தட்டியில் 'மாதம் 499 ரூபாய், போன் இலவசம்' என்று போட்டிருந்தது. கூப்பிட்டேன். மறுநாளே ஒரு தம்பி வந்துவிட்டார். அந்தக் காலத்தில் போனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர் அப்பா. ஓ.ஒய்.டி. என்று கூடுதல் டெபாசிட் கட்டினால் வரிசையில் சீக்கிரம் கிடைக்கும். அதற்கு வசதியில்லை. "ஒரே நாள்லயா!" என்று அந்தத் தம்பிக்குத் தன் கையாலேயே காபி கொடுத்தார்.

காபி குடித்துவிட்டுத் தம்பி கணக்கு சொன்னார். ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம். 2,994 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,533. தட்டியில் வரியைப் பற்றி எழுதியிருந்ததாம், பொடி எழுத்தில். என் கண்ணாடிக்குத் தெரியவில்லை. மோடத்துக்கு டெபாசிட் 1,000. கம்பத்திலிருந்து எங்கள் வீடு தூரமாம், கூடுதல் கேபிளுக்கு 480. போன் இலவசம் என்றார்களே? பேசுவதுதான் இலவசம் சார், கருவி நீங்கள் வாங்க வேண்டும் என்றார். அது 750.

அடுத்து ஒயர் எந்த வழியாக உள்ளே வரும் என்ற கேள்வி. வீடு கட்டும்போதே எலெக்ட்ரீஷியன் கேட்டார், "இன்டர்நெட்டுக்குத் தனியா ஒரு பைப் விட்டுடவா?" என்று. 'எல்லாம் வைஃபை காலம், ஒயர் எதற்கு' என்று வேண்டாம் சொன்ன புத்திசாலி நான்தான். வைஃபை பெட்டிக்கே ஒயர் வர வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை. ஃபைபர் கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி இழை. ஜன்னல் இடுக்கில் மடக்கி நசுக்கினால் வேலைக்கு ஆகாது. புது பெயின்ட் அடித்த சுவரைத் துளைத்து, பட்டி பார்த்து, டச்-அப் செய்ய 1,800. பூசுவதற்கு முன் என்றால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். கட்டிக்கொண்டிருப்பவர்கள் வாசலில் இருந்து ஹால் டி.வி. வரைக்கும் ஒரு காலி பைப், உள்ளே ஒரு இழுகம்பி, இதை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து மழை, கரன்ட் கட். ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போட்டால் போன் போகவே இல்லை. மனைவி ஊரில் இல்லை, அப்பா தனியாக இருக்கிறார். அடித்துப்பிடித்து வந்து பார்த்தால் அவர் இருட்டில் ரிசீவரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். "கரன்ட் போனா போன் ஏண்டா போகணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே அதே கம்பியில் மின்சாரம் வந்தது. ஊரே இருண்டாலும் டயல்டோன் கேட்கும். ஃபைபரில் வருவது வெளிச்சம் மட்டும். நம் வீட்டு மோடம் அணைந்தால் அதில் செருகிய போனும் அணைந்துவிடும். இதைத் தம்பி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மோடத்துக்கென்றே சின்ன யு.பி.எஸ். இருக்கிறது. சில மணி நேரம் தாங்கும். 1,600 கொடுத்து வாங்கினேன். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மோடத்தின் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், தனிச் செலவில்லை.

ஆக, 499 ரூபாய் இணைப்பு 9,163 ரூபாயில் வந்து நின்றது. இதில் டெபாசிட் ஆயிரம் திரும்பி வரும், ரசீது பத்திரமாக இருந்தால். அதை வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள் மனைவி.

நேற்று மத்தியானம் ஆபீஸில் இருக்கும்போது வீட்டு நம்பரிலிருந்து அழைப்பு. பதறி எடுத்தேன்.

"ஒண்ணுமில்லடா. கரன்ட் போயிருக்கு. போன் வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார் அப்பா.