பிறேமா, கியரா?

2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சம் கொழும்பு வாசிகளை மீண்டும் துவிச்சக்கர வண்டியின்பால் திருப்பிய பின், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேகச் சைக்கிள் வாங்கப் புறப்படும் ஒருவர், ஏறத்தாழ ஒரே விலையில், நல்ல பிறேமும் எளிய கியர்த் தொகுதியும் கொண்ட வண்டிக்கும், சாதாரணப் பிறேமும் உயர்ந்த கியர்த் தொகுதியும் கொண்ட வண்டிக்கும் இடையே சஞ்சலப்பட்டு நிற்பது இயல்பே. ஜப்பானிய ஷிமானோ நிறுவனத்தின் வரிசையில் கிளாரிஸ் பின்சக்கரத்தில் 8 பற்சக்கரங்களையும், சோரா 9 பற்சக்கரங்களையும், 105 என்னும் தொகுதி 11 அல்லது 12 பற்சக்கரங்களையும் உடையன. படி உயர உயர, ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் உள்ள பேதம் குறைந்து, மாற்றம் மிருதுவாகிறது என்பது மெய்யே. ஆயினும் மலைநாட்டுக் கடுகண்ணாவை ஏற்றத்தைக் காணாது, கடலை அண்டிய சமதளமான காலி வீதியிலும் மரைன் டிரைவிலும் அன்றாடம் பிரயாணம் செய்பவருக்கு அந்நுட்பத்தின் பிரயோசனம் சொற்பமே; கடற்காற்றின் உப்போ உயர்ந்த சங்கிலி, எளிய சங்கிலி என்ற பேதம் பாராது துருவேற்றும்; அப்பொழுது மாற்றவேண்டிய உதிரிப்பாகங்களில் 8 கியருக்குரியவையே மலிவானவை. தேய்ந்த தொகுதியைப் பின்னாளில் உயர்ந்ததாக மாற்றிக்கொள்ளலாம். உடலளவுக்குப் பொருந்தாத பிறேமோ முதுகையும் முழங்காலையும் நாடோறும் வருத்தும். ஆகவே, போட்டிகளில் பங்குபற்றுவோரும் மலைநாட்டு வீதிகளில் ஏறுவோரும் நீங்கலாக, ஏனையோர் பிறேமையும் பிறேக்கையும் ரயரையும் முதலில் ஆராய்ந்து, எளிய கியருடைய வண்டியைத் தயக்கமின்றி வாங்குவதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.