லேன் போர்ட்டை ஏன் பிடுங்கினார்கள்?

புது லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? நிறம், எடை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் அதைத் தூக்கி பக்கவாட்டில் பாருங்கள். நெட் வயர் சொருகும் அந்தச் சதுர ஓட்டை இருக்கிறதா? பல மாடல்களில் இருக்காது. கேட்டால், "இப்போ யார் சார் வயர் போடறாங்க? எல்லாம் வைஃபைதான்" என்பார் கடைப் பையன். எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

யார் போடுகிறார்களா? ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். லேன் போர்ட் இரண்டோ நாலோ வரிசையாக இருக்கும். கொடுக்கிற பக்கம் நாலு வாசல், வாங்குகிற பக்கம் ஒன்றுகூட இல்லை. இது என்ன நியாயம்?

மோடத்தை எடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்து டயல்-அப்போடு மாரடித்தவர்கள் நாம். அப்புறம் வந்த லேப்டாப்புகளில் சின்ன ஓட்டை டெலிபோன் வயருக்கு, பெரியது லேனுக்கு. டெலிபோன் வயரைச் சொருகி, மோடம் கீச்கீச்சென்று கத்தி முடித்து லைன் கிடைப்பதற்குள் காபி ஆறிவிடும். மோடத்தின் மேல் 56 கே என்று போட்டிருக்கும். நம் லைனில் அந்த வேகம் எங்கே வந்தது? ஒரு எம்.பி. போட்டோ இறங்க மூன்று நிமிடமாவது ஆகும். நடுவில் அடுத்த அறையில் யாராவது ரிசீவரை எடுத்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து! அது ஒழிந்ததில் வருத்தமே இல்லை.

ஆனால் லேன் சாகவில்லையே. வயர் 100 மீட்டர் வரை போகும், விநாடிக்கு 1000 மெகாபிட் தரும். 1999-லேயே வந்துவிட்ட தரம் இது. வைஃபைக்கோ நம் பழைய வீட்டுச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஃபிளாட் என்றால் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு முட்டி மோத வேண்டும். பேத்தியின் முகம் உறைந்து நின்றால் சிரித்துக்கொள்ளலாம். மாத்திரை காலையிலா ராத்திரியிலா என்று டாக்டர் வீடியோவில் சொல்கிற இடத்தில் குரல் அறுந்தால்?

2008-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு ஆபீஸ் கவருக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. அதில் லேன் போர்ட் கிடையாது. வேண்டுமானால் 29 டாலருக்குத் தனி அடாப்டர். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குத் தனி விலை! பின்னாலேயே மற்ற கம்பெனிகளும் கிளம்பிவிட்டன. அந்த அடாப்டரோ, தொலைப்பதற்கென்றே செய்த சைஸ்.

மெலிசாகச் செய்ய வேண்டும் என்கிற சாக்கும் செல்லாது. கீழ்த்தாடையை இழுத்தால் வாய் திறக்கிற மாதிரி லேன் போர்ட் வைத்த மெல்லிய லேப்டாப்புகள் வந்திருக்கின்றன.

நாலு பேர் "லேன் போர்ட் இல்லையா, அப்போ வேண்டாம்" என்று கடையை விட்டு எழுந்து வந்தால்தான் சேதி கம்பெனி வரை போகும். அடாப்டரைச் சும்மா தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கேட்காமல் வராதீர்கள்.