உரிமையாளர் மாறினால் ஒப்பந்தம் என்னாகும்?

மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் சுரங்க வாகனங்களுக்கும் உலகெங்கும் பெயர் பெற்ற அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம், எலெக்ட்ரோ-மோட்டிவ் டீசல் என்ற ரயில் என்ஜின் நிறுவனத்தை 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வாங்கியது. விலை 82 கோடி டாலர், முழுவதும் ரொக்கம். வாங்கியவரும் அமெரிக்கர், விற்றவரும் அமெரிக்கர். ஆனால், அன்று கைமாறிய சொத்துகளில், வாராணசியில் தயாராகி இந்தியத் தண்டவாளங்களில் ஓடிக்கொண்டிருந்த டீசல் ரயில் என்ஜின்களின் மூல வடிவமைப்பும் அடங்கும். வெளிநாட்டு நிறுவனங்களுடன் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் என்ஜின் ஒப்பந்தங்களைச் செய்துவரும் நமது அரசு, அந்த விற்பனையையும் அதன் பின்விளைவுகளையும் ஆழ்ந்து படித்திருக்க வேண்டும்.

1922-இல் கிளீவ்லாந்து நகரில் தொடங்கப்பட்ட எலெக்ட்ரோ-மோட்டிவ், 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வசம் வந்தது. வட அமெரிக்காவில் நீராவி என்ஜின்களின் காலம் முடிவுக்கு வந்ததில் இந்நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. முக்கால் நூற்றாண்டு கழித்து, 2005-இல், ஜெனரல் மோட்டார்ஸ் இதனை இரண்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது. வாங்கிச் சீர்செய்து விற்பதே அத்தகைய நிறுவனங்களின் தொழில். ஐந்தே ஆண்டுகளில் அவையும் விற்றுவிட்டு வெளியேறின. கேட்டர்பில்லரின் கணக்கிலும் குறை சொல்வதற்கில்லை. டீசல் இயந்திரம் அதற்குக் கைவந்த கலை. ரயில் பெட்டிகளையும் தண்டவாளப் பொருள்களையும் பராமரிக்கும் புரோகிரஸ் ரயில் நிறுவனத்தை 2006-லேயே அது வாங்கியிருந்தது. ரயில் என்ஜின் ஆலையும் சேர்ந்தால் அந்தத் தொழில் முழுமை பெறும். வணிகர் நோக்கில் இது நியாயமான முடிவுதான்.

சிக்கல் கனடாவில் வெடித்தது. இங்கிலாந்தின் தலைநகரோடு பெயரை மட்டும் பகிர்ந்துகொள்ளும் லண்டன் என்ற நகரம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. எலெக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனத்தின் முக்கியப் பொருத்தல் ஆலை 1950 முதல் அங்கேதான் இயங்கி வந்தது. அந்த ஆலைத் தொழிலாளர்களின் ஊதிய ஒப்பந்தம் 2011 டிசம்பர் 31-இல் முடிவுக்கு வந்தது. மணிக்குச் சுமார் 34 டாலராக இருந்த ஊதியத்தை 16.50 டாலராக, அதாவது ஏறக்குறையப் பாதியாக, குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகம் கேட்டதாகத் தொழிற்சங்கம் கூறியது. சங்கம் மறுத்தது. புத்தாண்டு தினத்தன்று ஆலை கதவடைப்புச் செய்யப்பட்டது. சுமார் 450 தொழிலாளர்கள் கடுங்குளிரில் வாயிலில் நின்றார்கள். பிப்ரவரி 3-ஆம் தேதி, ஆலையை நிரந்தரமாக மூடுவதாக நிர்வாகம் அறிவித்தது.

அந்த வாரத்தின் நாள்காட்டி கவனிக்கத்தக்கது. ஜனவரி 26-இல், 2011-ஆம் ஆண்டில் 493 கோடி டாலர் லாபம் ஈட்டியதாக கேட்டர்பில்லர் அறிவித்தது. அதுவரை அந்நிறுவனம் காணாத லாபம் அது. பிப்ரவரி 1-இல், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தங்களுக்குத் தடை விதிக்கும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். அதே இண்டியானாவின் மன்சீ நகரில்தான் கேட்டர்பில்லர் சில மாதங்களுக்கு முன் புதிய ரயில் என்ஜின் ஆலையைத் திறந்திருந்தது. லண்டன் ஆலையின் செலவுகள் கட்டுப்படியாகவில்லை என்பது நிர்வாகத் தரப்பு விளக்கம். கனடா டாலரின் மதிப்பு அப்போது அமெரிக்க டாலருக்கு இணையாக உயர்ந்திருந்தது உண்மைதான். அமெரிக்க அரசுப் பணத்தில் வாங்கப்படும் என்ஜின்கள் அமெரிக்காவிலேயே தயாராக வேண்டும் என்ற விதிகளும் இருந்தன. ஆனால், ஊதியத்தில் பாதியைக் கேட்பதற்குப் பெயர் பேச்சுவார்த்தை அல்ல. மூடுவதென்று முடிவெடுத்த பிறகு கேட்கும் கேள்வி அது.

கனடா அரசு செய்தது என்ன? 2008-இல் அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் இதே ஆலைக்கு வந்து, ரயில் என்ஜின் வாங்குவோருக்கான வரிச் சலுகையை விளம்பரப்படுத்தினார். நான்கு ஆண்டுகள் கழித்துக் கதவு அடைக்கப்பட்டபோது, இது தனியார் நிறுவனத்துக்கும் சங்கத்துக்கும் இடையிலான தகராறு என்று அவரது அரசு ஒதுங்கிக்கொண்டது. அன்னிய முதலீட்டைப் பரிசீலித்து நிபந்தனை விதிக்கும் சட்டம் கனடாவில் உண்டு. ஹாமில்டன் நகரின் ஸ்டெல்கோ உருக்கு ஆலையை 2007-இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் வாங்கியபோது, உற்பத்தி, வேலைவாய்ப்பு குறித்து அச்சட்டப்படி வாக்குறுதிகள் பெறப்பட்டன. அவை மீறப்பட்டதாக 2009-இல் அரசே நீதிமன்றம் சென்றது. வழக்கு சமரசத்தில் முடிந்து சங்கங்களுக்கு ஏமாற்றம் அளித்தாலும், வழக்குத் தொடுக்கவாவது ஒரு காகிதம் அரசின் கையில் இருந்தது. லண்டன் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லை. கனடாவின் பெரிய கடைத் தொகுதி ஒன்று கேட்டர்பில்லர் முத்திரை பதித்த காலணிகளை விற்பதை நிறுத்தியது. அரசு காட்டாத கோபத்தைச் செருப்புக் கடை காட்டியது!

இத்தனைக்கும் பிறகு வாங்கியவர் பெரிதாகச் சாதித்துவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2015 ஜனவரியில் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. போட்டியாளரான ஜெனரல் எலெக்ட்ரிக் அவற்றுக்கு ஏற்ற என்ஜினுடன் தயாராக இருந்தது. எலெக்ட்ரோ-மோட்டிவ் தயாராக இல்லை.

இனி நம் கதை. வாராணசி டீசல் என்ஜின் ஆலை, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1964-இல் தன் முதல் என்ஜினைத் தயாரித்தது. ஐந்தே ஆண்டுகளில் ஆல்கோ தன் தாய்நாட்டில் என்ஜின் தயாரிப்பையே கைவிட்டது. வாராணசி நிற்கவில்லை. வரைபடங்களும் அவற்றைப் படித்துச் செய்யத் தெரிந்த கைகளும் நம்மிடம் இருந்ததால், தாய் நிறுவனம் மறைந்த பிறகும் பல பத்தாண்டுகள் அந்த வகை என்ஜின்களை நாமே செய்து, திருத்தி, மேம்படுத்தினோம். 1995-இல் அடுத்த தலைமுறைக்காக ஜெனரல் மோட்டார்ஸுடன் ஒப்பந்தம் செய்தபோதும் 4,000 குதிரைத்திறன் என்ஜின்களோடு தொழில்நுட்பக் கைமாற்றமும் சேர்த்தே கேட்கப்பட்டது. அதனால்தான் 2005-லும் 2010-லும் அமெரிக்காவில் உரிமையாளர்கள் மாறியபோது வாராணசியின் பட்டறைகள் ஓயவில்லை. அன்றைய ரயில்வே பொறியாளர்களின் முன்யோசனைக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. சட்டம் அப்போது காவலுக்கு இல்லை. நிறுவனங்கள் ஒன்றை ஒன்று வாங்குவதை இந்தியப் போட்டி ஆணையம் முன்கூட்டியே பரிசீலிக்க வகைசெய்யும் பிரிவுகள் 2011 ஜூன் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தன. கேட்டர்பில்லர் பணத்தைக் கொடுத்து முடித்துப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன.

இப்போது அந்த ஆணையம் இருக்கிறது. பெரிய தொகைக்கு நடக்கும் விற்பனைகளைப் பிடிக்க 2024 செப்டம்பரில் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. ஆனால், ஆணையம் பார்ப்பது சந்தையில் போட்டி குறைகிறதா என்பதை மட்டுமே. உதிரிபாகம் வருமா, வடிவமைப்பை மேம்படுத்தும் உரிமை யாரிடம், ஆலை இங்கேயே இருக்குமா என்பவை அதன் வேலை அல்ல. அவை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை.

இது கற்பனை அச்சமன்று. பிகார் மாநிலம் மர்ஹோராவில் 1,000 டீசல் ரயில் என்ஜின்கள் தயாரிக்கும் ஒப்பந்தம் 2015 நவம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அதில் எதிர்த்துப் போட்டியிட்டது, கேட்டர்பில்லர் வசம் போயிருந்த எலெக்ட்ரோ-மோட்டிவ். ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2019 பிப்ரவரியில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரயில் பிரிவு முழுவதும் வாப்டெக் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. கூட்டு நிறுவனத்தில் நமது ரயில்வேக்கு 26 சதவீதப் பங்கு உண்டு. நல்வாய்ப்பாக மர்ஹோரா ஆலை தொடர்ந்து இயங்கி, 2025-இல் ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு என்ஜின்களை ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வளர்ந்தது. புதிய உரிமையாளர் நல்லவராக அமைந்தது நம் அதிர்ஷ்டம். ரயில் பாதைகள் வேகமாக மின்மயமாகிவிட்ட நாட்டில், ஒப்பந்த எண்ணிக்கை முடிந்த பிறகும் ஒரு டீசல் என்ஜின் ஆலை நிலைக்க வேண்டுமானால் ஏற்றுமதிதான் வழி. அந்த ஏற்றுமதியை எந்த நாட்டு ஆலைக்குத் தருவது என்று தீர்மானிப்பவர் அமெரிக்காவில் இருக்கும் உரிமையாளர். லண்டன் நகரின் கதை இங்கேதான் நமக்குப் பொருந்துகிறது.

லண்டன் நடந்தது போல் இந்தியாவில் ஓர் ஆலையை ஒரே நாளில் மூடிவிட முடியாது, அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். 100 தொழிலாளர்கள் என்றிருந்த அந்த வரம்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 300 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. 450 பேர் கொண்ட லண்டன் ஆலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்கும். அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு ஆலைகளுக்குக் கிடைத்திருக்குமா?

விற்பனை வெளிநாட்டில் மட்டுமே நடக்கும் என்பதும் இல்லை. மண் அள்ளும் இயந்திரங்களையும் ரயில், மெட்ரோ பெட்டிகளையும் ஒருசேரத் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்.லின் 26 சதவீதப் பங்கை நிர்வாகக் கட்டுப்பாட்டுடன் விற்க 2021 ஜனவரியில் மத்திய அரசு விருப்ப மனு கோரியது. அத்தகைய நிறுவனத்தை இன்று வாங்குபவர் ஐந்தாண்டு கழித்து வேறொருவருக்கு விற்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ரயில்வே பட்ஜெட் 2017-இல் பொது பட்ஜெட்டுடன் இணைக்கப்பட்ட பிறகு, ரயில்வேயின் கொள்முதல்களை ஆற அமரக் கேள்வி கேட்கும் இடம் பெரும்பாலும் நாடாளுமன்ற நிலைக்குழுவே. அடுத்த மானியக் கோரிக்கைகளை ஆராயும்போது, மர்ஹோரா, மாதேபுரா, தாஹோத் ஆகிய மூன்று ரயில் என்ஜின் ஒப்பந்தங்களிலும் உரிமையாளர் மாற்றம் குறித்த பிரிவுகளை அவையின் முன் வைக்குமாறு ரயில்வே அமைச்சகத்தை அக்குழு கேட்க வேண்டும். வெளிநாட்டுத் தாய் நிறுவனம் விற்கப்பட்டால் இந்திய அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவையா, வரைபடங்களும் மென்பொருளும் யாருக்குச் சொந்தம், பராமரிப்புப் பொறுப்பை யார் ஏற்பது என்ற மூன்று கேள்விகளுக்காவது பதில் வர வேண்டும். வணிக ரகசியம் என்று அமைச்சகம் மறுக்குமானால், குழுவின் மூடிய கூட்டத்தில் வைக்கலாம். அதற்கு விதிகளில் இடமுண்டு.