கிட்டாரும் நம்முடையதுதான்

சீனாவில் 'பார்க் ஆஃப் டான்டே' என்றொரு பவர் மெட்டல் இசைக்குழு இருக்கிறது. 'டான்டேயின் படகு' என்று பொருள். டான்டே இத்தாலியக் கவிஞர். பவர் மெட்டலோ 1980-களில் ஜெர்மனியின் ஹெலோவீன் போன்ற குழுக்கள் வளர்த்தெடுத்த இசை. வேகமான டிரம்ஸ், உச்சத்தில் ஏறும் குரல், வாளும் கோட்டையும் டிராகனும் நிறைந்த பாட்டு. பெயரையும் இசையையும் ஐரோப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது அவர்கள் விருப்பம், அவர்கள் உரிமை.

இதையே நம் சேரிப் பிள்ளைகள் செய்தால் என்ன நடக்கிறது? "பறை இருக்கும்போது உங்களுக்குக் கிட்டார் எதற்கு?" என்று கேட்கிறார்கள். கேலியாகக் கேட்பவர்களும் உண்டு, அக்கறையோடு கேட்பவர்களும் உண்டு. கல்லூரி விழாவில் 'நாட்டுப்புறக் கலை' என்றால் நம்மைத் தேடி வருவார்கள். ராக் பேண்டுக்கு ஆள் எடுக்கும்போது நம் ஞாபகம் வராது. உலகம் முழுவதும் அவர்களுக்கு, ஒரே ஒரு தோல்கருவி மட்டும் நமக்கு. இந்தப் பங்கீட்டுக்கும் ஊர் - சேரி பிரிவினைக்கும் என்ன வித்தியாசம் தோழர்களே?

அயல் பண்பாட்டை எடுத்துக்கொள்வது பற்றித் தூத்துக்குடிக் கடற்கரைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1530-களில் இங்கே முத்துக்குளித்த பரதவ மக்கள் போர்ச்சுகீசியரிடம் போய் கத்தோலிக்கராக மாறினார்கள். அது வெறும் பக்தி அல்ல. முத்துக்குளித்தலைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவர முயன்றவர்களிடமிருந்து கடலைக் காத்துக்கொள்ள ஒரு துணை தேவைப்பட்டது. ஞானஸ்நானத்தோடு பெர்னாண்டோ, மிராண்டா, கொரைரா என்ற பெயர்களும் வந்தன. 1713-ல் கட்டப்பட்ட பனிமய மாதா கோயில் இன்றும் நிற்கிறது. இதே கரையில் புன்னைக்காயலில் வாழ்ந்த என்ரிகே என்ரிகஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகி வந்தது. அச்சு இயந்திரம் ஐரோப்பாவினுடையது. அதற்காகத் தமிழ் அச்சை யாராவது 'நம்முடையது இல்லை' என்கிறோமா?

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ம் நூற்றாண்டில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். ஒரு பீடம், அதிலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் இரண்டு கூடங்கள், நடுவே சுவர். வெள்ளாளர் ஒருபுறம், நாடார் மறுபுறம். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒரே பூசையைக் காண்பதற்கான ஏற்பாடு. கால்சட்டையைப் போல இருந்ததால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்தது. அந்தச் சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. மதம் அயலது, கட்டிடக் கலை அயலது, உள்ளே கட்டிய சுவர் மட்டும் சுத்தமான உள்ளூர்ச் சரக்கு.

வடிவம் எங்கிருந்து வந்தது என்பதல்ல, அதற்குள் எதைக் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

மெட்டல் இசையில் நம்மவர் கதையையே பாருங்கள். சிங்கப்பூர்த் தமிழர்கள் 1992-ல் தொடங்கிய 'ருத்ரா' குழு 1998-ல் தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டது. தங்கள் இசைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேத மெட்டல்'. அதில் சமஸ்கிருத மந்திரங்கள் உண்டு, அத்வைதம் உண்டு. 2001-ல் வந்த ஆல்பத்தின் பெயர் 'தி ஆர்யன் க்ரூசேட்'. அவர்கள் உழைப்பையும் திறமையையும் நாங்கள் குறைத்துப் பேசவில்லை. எந்தப் பொருளில் அந்தப் பெயரை வைத்தார்களோ, அதுவும் அவர்கள் பாடு. எங்கள் கேள்வி வேறு. ஐரோப்பியக் கிட்டாருக்குள் 'இந்தியாவை' வைக்க வேண்டும் என்றவுடன் தமிழர் கைக்குக்கூட முதலில் கிடைப்பது வேதமாக இருப்பது ஏன்? அந்த வேதத்தைக் காதால் கேட்டாலே காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். நமக்கு மெட்டலுக்குள் வைக்க வேறு சரக்கு இருக்கிறது.

அந்த இசை பிறந்த இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் டோனி அயோமி என்ற 17 வயதுத் தொழிலாளி, உலோகத் தகடு ஆலையில் இயந்திரத்துக்கு இரண்டு விரல் நுனிகளைப் பறிகொடுத்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, அதன்மேல் தோலை வெட்டி ஒட்டிக்கொண்டு மறுபடியும் கிட்டார் வாசித்தார். விரல் வலிக்காமலிருக்கக் கம்பிகளைத் தளர்த்தினார். சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. 1970-ல் வந்த அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்தைத்தான் ஹெவி மெட்டலின் தொடக்கம் என்கிறார்கள். வாளும் டிராகனும் பிறகு வந்தவை. முதலில் இருந்தது ஆலையும் அடிபட்ட விரலும் ஒரு துண்டுத் தோலும்தான். தோலுக்கும் நமக்கும் என்ன உறவு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

எடுத்துக் கையாண்ட முன்னோடிகள் நமக்கு உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நம் 'பரட்டை அண்ணன்', கர்நாடக இசையும் மேற்கத்திய கீதமும் ஆண்ட வழிபாட்டுக்குள் நாட்டுப்புற இசையையும் பறையையும் கொண்டுபோனார். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானாவையும் பறையையும் கிட்டாரோடு நிறுத்தி இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடியது. அதன் பெயருக்குப் பின்னால் இருப்பது 'சாதிபேதமற்றவர்கள்' என்று நம்மைப் பதியச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதர். அங்கே பறை கிட்டாருக்கு வழிவிட்டு ஒதுங்கவில்லை, கிட்டாரும் பறைக்குக் கூச்சப்படவில்லை.

பறையைக் கைவிடச் சொல்கிறோம் என்று யாரும் திரிக்க வேண்டாம். சாவுக்கு அடிக்கச் சொல்லி நம் மேல் சுமத்தியதை விடுதலையின் ஒலியாக மாற்றியது நம் இயக்கங்கள். ஆனால் பறை நம் உரிமை, கடமை அல்ல. அதை அடிக்கவும் நமக்கு உரிமை உண்டு, அடிக்காமல் வயலினோ கிட்டாரோ எடுக்கவும் உரிமை உண்டு.

விடுதி அறையில் ஒரு ஹெட்போனை மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்கும் தம்பி தங்கைகளே, டிராகனைப் பற்றித்தான் பாட வேண்டுமென்றால் தாராளமாகப் பாடுங்கள். கற்பனைக்கு சாதிச் சான்றிதழ் கிடையாது. ஆனால் இந்த ஊரில் 'மெட்டல்' என்ற சொல்லுக்கே வேறு கனம் உண்டு. தாமிர ஆலைக்கு எதிராக நின்று 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. உப்பளத்தில் வெயிலில் கண் கூசி, காலில் புண்ணோடு திரும்பும் நம் அம்மாக்களின் ஊர். துறைமுகத்தில் சுமை இறக்கியவர்களின் ஊர். இதையெல்லாம் தாங்கும் அளவுக்குக் கனமான இசை உலகத்தில் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். உள்ளே அந்தப் பழைய சுவரை மட்டும் கட்டிவிடாதீர்கள்.

ஜெய்பீம்!