மாரியில் மறையும் எண்ணெய்

மாரி முடிந்த கையோடு வல்வெட்டித்துறையில் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் மேலேறித் தெளிவாக நிற்கும். ஆவணி வெயிலில் அதே கிணறு கீழே போய்விடும். சுன்னாகத்து எண்ணெய்க் கிணறுகள் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் ஞாபகம் வருகிறது.

2015 தொடக்கத்தில் அந்த மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். குழுக்கள் அமைந்தன, ஒரு அறிக்கை சொன்னதை இன்னொன்று மறுத்தது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் தனியார் மின் உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்கி 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. வழக்கு முடிந்தது. கல்லுக்குள் போன எண்ணெய்?

குடாநாட்டின் சுண்ணக்கல்லில் பெரிய வெடிப்புகளும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் உண்டு. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். கோடையில் நீர்மட்டத்துக்கு மேலுள்ள துளைகளில் காற்று இருக்கும். எண்ணெய் ஆவி மேலே வரும், ஒட்சிசன் கீழே போகும். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு அந்த ஒட்சிசன் வேண்டும். மாரியில் நீர்மட்டம் ஏறித் துளைகளை நிரப்பியதும் வழி அடைபடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் ஒட்சிசன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். எண்ணெயும் சிறு சிறு துளிகளாகத் துளைகளுக்குள் நீருக்கடியில் சிறைப்படும். அப்போது கிணற்றில் படலம் மெலியும், சிலவேளை காணாமலே போகும். மட்டம் இறங்கும்போது எண்ணெய் மறுபடி கசிந்து வரும்.

ஆகவே மார்கழியில் எடுத்த ஒரு போத்தல் தண்ணீரை வைத்து "சுத்தம்" என்பதும், ஆவணியில் எடுத்ததை வைத்து "புதிதாகக் கொட்டியிருக்கிறார்கள்" என்பதும் ஒரே பிழைதான். அறிக்கைகள் முரண்பட்டதற்கு அரசியலை மட்டும் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம் (அரசியல் இல்லை என்றில்லை).

சுன்னாகத்து எண்ணெய் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்று பயம் காட்ட நான் எழுதவில்லை. ஆனால் இங்கே வற்றாத ஆறு கிடையாது. எல்லோருக்கும் மழையும் இந்தக் கல்லும்தான். வலிகாமம் வடக்கில் முகாம் வாழ்க்கை முடித்துத் திரும்பியவர்களுக்கு வீடு இல்லை, கூரை இல்லை. கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக் குடிக்கலாமா என்று சொல்லும் அறிக்கையில் மாதமும் அன்றைய நீர்மட்டமும் எழுதப்பட வேண்டும். மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, அதே கிணற்றில், பல வருடங்களுக்கு.