செவியில் நின்ற தமிழ்

டிசம்பர்த் திங்கள் பிறந்தால் கிரிக்கெட் அன்பர்கள் பலருக்கு ஒரு பெயர் நினைவில் எழும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் பெயர் அது. தமிழில் கிரிக்கெட் நேர்முக வருணனை செய்தோருள் முன்வரிசையில் நின்ற அப்பெரியார் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் மறைந்தார். அதற்கு மூன்று நாள் முன்புதான் அடிலெய்டு நகரில் இந்திய அணி 36 ஓட்டங்களில் சுருண்டிருந்தது. அவர் மறைந்த ஒரு வாரத்தில் அதே அணி மெல்போர்னில் வென்றது. அவ்வெற்றியைக் கேட்டு மகிழ அவர் இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் அவருடைய ஊர். இளமையில் இலங்கை வானொலியோடு தொடர்பு கொண்டு, நாடகத்தில் குரலைப் பழக்கியவர். 1980ஆம் ஆண்டு முதல் அகில இந்திய வானொலியில் கிரிக்கெட் வருணனை செய்தார். பின்னாளில் இலண்டனிலிருந்து ஒலித்த ஐ.பி.சி. தமிழ் வானொலியிலும் அவர் குரல் கேட்டது. ஆதலால் அவரோடு ஒலிவாங்கியின் முன் அமர்ந்த தோழர்களும், தமிழகத்து நேயர்களும் மட்டுமன்றி, கடல் கடந்து வாழும் ஈழத் தமிழரும் அவர் பிரிவுக்கு வருந்தினர். முகம் பாராத ஒருவருக்காக இத்தனை பேர் கண் கலங்குவானேன்?

வானொலி வருணனையின் இயல்பை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். நேயர் ஆடுகளத்தைக் காண்பதில்லை. பந்து வீசுபவர் எத்திசையிலிருந்து ஓடி வருகிறார், களத்தடுப்பாளர் எங்கெங்கே நிற்கிறார், பந்து தரையோடு சென்றதா, உயரப் பறந்ததா என்பன அனைத்தையும் சொல்லே காட்ட வேண்டும். இடையில் வானொலியைத் திறப்பவருக்காக ஓட்ட எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பக் கூறவும் வேண்டும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தை நினைவிற் கொள்க. ஓட்டங்கள் சமமாக இருந்த நிலையில், கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணிந்தர் சிங் ஆட்டமிழந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. அத்தகைய கணத்தில் நடுவரின் விரல் உயர்ந்ததைச் சொல்ல ஒரு நொடிதான் உண்டு. சொல் தேடி நிற்க நேரமில்லை. ஆங்கிலத்தில் பிறந்த ஆட்டத்திற்கு அந்த ஒரு நொடியில் தமிழ்ச் சொல் தந்தோரை நாம் எளிதாக எண்ணலாகாது.

இது நம் போன்ற குடும்பங்களுக்குத் தனியே ஒரு பொருள் உடையது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நம் பாலசமுத்திரமோ ஆந்திர எல்லைக்குள் நிற்கிறது. இங்கும் சித்தூரிலும் திருப்பதியிலும் வேலையின் பொருட்டுக் குடியேறிய நம்மவர் பிள்ளைகள் பலர் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். அது நன்றே, வாழும் ஊரின் மொழியை மதித்துக் கற்பது கடமை. ஆயினும் வீட்டில் தமிழ் பேசும் சிறுவன், "நூற்று நாற்பத்தேழு" என்ற எண்ணைத் தமிழில் சொல்லத் தடுமாறுவதை நாம் காண்கிறோம். சென்னை நிலையத்தின் மத்திய அலை மாநில எல்லையை அறியாது. ஆட்ட நாட்களில் அது கொண்டுவந்த தமிழ் வருணனை எண்ணும் திசையும் வினைச்சொல்லும் கற்பித்தது. பாடம் என்று அறியாமலே பிள்ளைகள் கற்றனர்.

அமெரிக்க நாட்டிலும் இத்தகைய செய்தி உண்டு. பேஸ்பால் ஆட்டத்தை 1950 முதல் 2016 வரை 67 ஆண்டுகள் வருணித்த வின் ஸ்கலி 2022 ஆகஸ்டு 2ஆம் நாள் மறைந்தபோது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரே துயருற்றது. ஆட்டத்தை நேரில் காண வந்தவர்களும் அவர் சொல்லக் கேட்பதற்காகக் கையோடு டிரான்சிஸ்டர் கொண்டு வந்தனராம். அதே டாட்ஜர்ஸ் அணியின் ஆட்டங்களை, எக்வடார் நாட்டிலிருந்து குடியேறிய ஹைமே ஹரீன் என்பவர் 1959 முதல் 2022 வரை ஸ்பானிய மொழியில் வருணித்தார். குடியேறிய குடும்பங்கள் புதிய ஊரின் ஆட்டத்தைத் தாய்மொழியிலேயே தமதாக்கிக் கொண்டன. ஊரோடு ஒன்றுவதற்கு மொழியை இழக்க வேண்டுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இன்று தொலைக்காட்சியிலும் தமிழ் வருணனை வருகிறது. ஆயினும் படம் கண்முன் இருப்பதால் சொல்லின் பொறுப்புக் குறைந்துவிட்டது. ஆகவே தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும் நாம் ஒன்று கூறுவோம். அடுத்த ஆட்ட நாளில் ஓர் ஓவர் மட்டும் பெட்டியின் ஒலியை அடக்குங்கள். கண் மங்கிய பாட்டி அருகில் இருந்தால் மிக நன்று. நடப்பதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லும்படி பிள்ளையைக் கேளுங்கள். முதல் இரண்டு பந்துகளுக்குத் திணறுவான்; பிழை சொன்னால் நகைக்க வேண்டா. ஆறாம் பந்துக்குள் சொல் வந்துவிடும். மறைந்த பெரியாருக்கு நம் இல்லங்கள் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.